தவிடும் ஆளி விதையும்: மலாயாத் தமிழர் உணவு வரலாற்றில் ஒரு பாடம்



மொழி குறித்துப் பேச அமைந்த வரிசையில் விதை குறித்துப் பேசப் புகுந்தமைக்கு முதலில் காரணம் கூறுதல் நம் கடமை. ஈப்போவின் புந்தோங் பகுதியில் வாழும் நம் தமக்கையார், சுங்கை சிப்புட்டுக்கு அருகே இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். அவருக்கு நீரிழிவு கண்டு பல ஆண்டுகள் ஆயின. ஆளி விதை நல்லது என்று யாரோ சொல்லக் கேட்டு, கடையில் ஒரு பொட்டலம் வாங்கி, நாள்தோறும் காலையில் ஒரு கரண்டி விதையை அப்படியே வாயிலிட்டுத் தண்ணீர் குடித்து வந்தார். ஆறு திங்கள் கழித்து அவரைக் காணச் சென்றபோதுதான் நமக்கு அது தெரிந்தது.

"இதை இடிச்சுத்தானே சாப்பிடுறீங்க அக்கா?" என்று கேட்டோம்.

"இடிக்கணுமா தம்பி? பொட்டலத்துல தமிழ்ல ஒண்ணும் போடலையே" என்றார்.

ஆளி விதையின் தோல் வழவழப்பானது, உறுதியானது. மெல்லாமல் விழுங்கிய முழு விதை பெரும்பாலும் செரிக்காமலே உடலை விட்டு வெளியேறிவிடும். ஆறு திங்கள் அவர் செலவிட்ட பணத்திற்கும் நம்பிக்கைக்கும் கிடைத்த பயன் மிகச் சிறிது. வியப்பு என்னவெனில், அவர் சமையல் அறியாதவர் அல்லர். மிளகையும் மல்லியையும் வறுத்து இடிக்கவும், கேழ்வரகை முளைகட்டி மாவாக்கவும், உளுந்தை ஊறவைத்து ஆட்டவும் பத்து வயதிலேயே கற்றவர். அத்தனை விதைகளுக்கும் உரிய பக்குவம் அறிந்த கைகள் இந்த ஒரு விதையிடம் மட்டும் தோற்றன. மொழியியல் பயின்றவன் கண்ணுக்கு அதன் காரணம் இவ்வாறு தோன்றுகிறது: அந்த விதை அவரிடம் பெயர்ச்சொல்லாக மட்டுமே வந்து சேர்ந்தது, அதற்குரிய வினைச்சொல் உடன் வரவில்லை.

உணவுப் பொருளின் பெயர் வணிகத்தோடு பயணம் செய்யும். அதை என்ன செய்து உண்பது என்னும் வினையோ பேச்சோடும் பழக்கத்தோடும்தான் பயணம் செய்யும். பெயர் வந்து வினை வாராதபோது என்ன நேரும் என்பதற்கு இந்நாட்டு வரலாற்றிலேயே ஒரு பெருஞ்சான்று உண்டு. ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன், புழுக்குதல் என்னும் ஒரே ஒரு வினை இம்மண்ணில் ஆயிரக்கணக்கானோரின் வாழ்வையும் சாவையும் பிரித்து நின்றது. அவ்வரலாற்றைக் கூறி, அதன் ஒளியில் ஆளி விதையை உண்ணும் முறையைக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

1. ஆளி: பெயரும் பொருளும்

சங்க இலக்கியம் பயின்ற மாணவர்க்கு ஆளி என்றதும் யானையையும் வெல்லும் விலங்கு நினைவுக்கு வரும். நாம் பேசும் ஆளி வேறு. நீலப்பூப் பூக்கும் ஒரு சிறு செடியின் தட்டையான, பளபளக்கும் பழுப்பு விதை இது. வடமொழியில் அதசி எனப்பட்டது இந்தியில் அல்சி ஆயிற்று. தெலுங்கர் அவிசெ என்றும், கன்னடர் அகசெ என்றும், மலையாளிகள் செறுசணம் என்றும் வழங்குவர். சில நாட்டு மருந்துக் கடைகளில் ஆளி விதை என்ற பெயரையே, வடக்கில் ஹாலிம் எனப்படும் வேறொரு சிறு செந்நிற விதைக்கும் வழங்குவதுண்டு. ஆகவே பெயரை மட்டும் சொல்லி வாங்காமல் விதையைக் கண்ணால் கண்டு வாங்குதல் நன்று.

இச்செடியின் தண்டிலிருந்து எடுத்த நாரே பழைய எகிப்தியர் தம் மன்னர்களின் உடல்களைச் சுற்றிய துணியாயிற்று. இலத்தீன் மொழியில் லீனம் எனப்பட்ட அதன் பெயரிலிருந்தே லினன் என்னும் துணிப்பெயர் வந்தது. விதையின் எண்ணெய் காற்றுப்பட்டால் உலர்ந்து இறுகும் இயல்புடையது. அதனால் ஓவியர்களும் தச்சர்களும் அதை வண்ணத்திலும் மெருகிலும் கலந்தனர். தரைவிரிப்பாகப் பயன்பட்ட லினோலியத்தின் பெயரிலும் இந்த எண்ணெய் இருக்கிறது. வண்ணக் கடையில் லின்சீட் என்றும் உணவுக் கடையில் ஃபிளாக்ஸ் சீட் என்றும் விற்பவை ஒரே செடியின் விதையே. தாவர நூலார் இதற்கு இட்ட பெயரின் பொருள் 'மிகப் பயனுள்ள லீனம்' என்பது.

இனி அதன் சத்து. 100 கிராம் ஆளி விதையில் கொழுப்பு ஏறத்தாழ 42 கிராம். நார்ச்சத்து 27 கிராம். புரதம் 18 கிராம். அக்கொழுப்பில் பாதிக்கு மேல், அதாவது சுமார் 23 கிராம், ஒமேகா-3 வகையைச் சேர்ந்த ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். நம் உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாத கொழுப்பு இது, உணவிலிருந்தே பெறவேண்டும். லிக்னான் எனப்படும் தாவரப் பொருள்களும் இவ்விதையில் மிகுதி. இவை பலரும் அறிந்தவை. பலரும் பேசாதது ஒன்று உண்டு: இதே 100 கிராமில் தயமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்து ஏறத்தாழ 1.6 மில்லிகிராம் இருக்கிறது. நன்கு தீட்டிய வெள்ளைப் பச்சரிசியில் அது 0.1 மில்லிகிராமுக்கும் குறைவு. தயமின் என்னும் இச்சொல்லே நம்மைப் பழைய மலாயாவுக்கு அழைத்துச் செல்கிறது. அச்சத்து இன்னது என உலகம் அறிவதற்கு வழிகாட்டிய இடங்களுள் இந்நாடும் ஒன்று.

2. கிந்தாவின் நோய்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கு ஈயத்தால் செழித்தது. கோப்பெங், கம்பார், பத்து காஜா, ஈப்போ ஆகிய ஊர்களைச் சுற்றிய சுரங்கங்களில் சீனத் தொழிலாளர் பெருந்திரளாக உழைத்தனர். அவர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற நோய்களுள் ஒன்று பெரிபெரி. கால் மரத்துப்போகும், நடை தளரும், சிலர்க்கு உடல் வீங்கும், இதயம் தளர்ந்து திடீரெனச் சாவு நேரும். நோயின் பெயர் சிங்கள மொழியில் 'இயலாது' என்னும் பொருள்தரும் சொல்லை இரட்டித்து வந்தது என்று பொதுவாகக் கூறுவர். காலை ஊன்ற இயலாதவனின் மொழி அது.

நோய் எதனால் வருகிறது என்பது அக்கால மருத்துவர்க்கு விளங்கவில்லை. ஈரமண் என்றனர் சிலர். கிருமி என்றனர் சிலர். 1896இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் இணைந்து கூட்டு மலாய் மாநிலங்கள் ஆயின. அம்மாநிலங்களின் மருத்துவமனைகளில் ஒரு புதிர் மருத்துவர்களைத் துரத்தியது. ஒரே மழை, ஒரே மண், ஒரே கொசு. ஆனால் சுரங்கச் சீனர்க்கு வரும் பெரிபெரி, கம்பத்து மலாய்க்காரர்க்கும் தோட்டத்துத் தமிழர்க்கும் அரிதாகவே வந்தது.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லியோனார்டு பிராடன் இப்புதிரைச் சோற்றுப்பானையில் தேடினார். மூவரும் உண்பது அரிசியே. ஆயினும் மூன்றும் வேறு வேறு. மலாய்க்காரர் தம் வயலில் விளைந்த நெல்லை வேண்டும்போது வேண்டுமளவு வீட்டிலேயே குற்றிக்கொண்டனர். தவிடு முற்றும் நீங்குவதில்லை. தமிழர் உண்டது இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த புழுங்கலரிசி. சுரங்கச் சீனர் உண்டதோ சயாமின் ஆலைகளில் வெள்ளைவெளேரெனத் தீட்டிய பச்சரிசி. 1907இல் வெளியிட்ட தம் நூலில் பிராடன் இவ்வேறுபாட்டை விரிவாக எடுத்துக் கூறினார். தீட்டிய அரிசியில் ஏதோ ஒரு நஞ்சு தோன்றுகிறது என்பது அவர் கொள்கை. அக்கொள்கை பின்னர்த் தவறாயிற்று. அவர் கண்ட காட்சி தவறாகவில்லை.

3. அரிசியை வைத்துச் செய்த ஆய்வுகள்

அக்காட்சியைச் சோதித்த முதல் பேராய்வு கோலாலம்பூர் மனநோயாளர் காப்பகத்தில் நிகழ்ந்தது. வில்லியம் ஃபிளெட்சர் என்னும் மருத்துவர் அங்கிருந்தோரை வரிசையில் நிறுத்தி எண்ணிட்டார். ஒற்றைப்படை எண் பெற்றோர்க்குச் சயாமின் தீட்டிய அரிசி. இரட்டைப்படை எண் பெற்றோர்க்கு இந்தியப் புழுங்கலரிசி. பிற உணவெல்லாம் ஒன்றே. 1907இல் லான்செட் இதழில் அவர் தந்த கணக்கின்படி, தீட்டிய அரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் அந்நோயால் ஒருவரும் மாளவில்லை.

இவ்வெண்களைப் பாடநூலில் படிக்கும்போது ஒரு நொடி நிற்றல் வேண்டும். தம் எண் ஒற்றையா இரட்டையா என்பதில் தம் உயிர் தொங்கியதை அந்தப் பதினெண்மரும் அறியார். அவர்களிடம் இசைவு கேட்கும் வழக்கமும் அன்று இல்லை. நாம் இன்று எளிதாக எழுதிவிடும் ஓர் அறிவு அவர்கள் தந்த விலையில் வந்தது.

அடுத்த ஆய்வைச் செய்தவர்கள் 1900இல் தோன்றிய கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ஃபிரேசரும் ஸ்டான்டனும். நெகிரி செம்பிலானின் ஜெலெபு பகுதியில் காட்டுக்குள் சாலை அமைத்துக்கொண்டிருந்த ஏறத்தாழ 300 சாவகத் தொழிலாளரை அவர்கள் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய அரிசியும் மறுபிரிவுக்குப் புழுங்கலரிசியும் தந்தனர். நோய் தீட்டிய அரிசியை உண்டவரிடையே தோன்றியது. அரிசியை மாற்றியதும் நோய் அவர்களை விட்டு நின்றது. இடமோ காற்றோ கூட்டமோ காரணம் அன்று. அரிசியே காரணம் என்பது உறுதியாயிற்று. 1909இல் அவர்கள் ஆய்வு வெளிவந்தது. அரிசியில் நஞ்சு சேரவில்லை, தீட்டும்போது இன்றியமையாத ஒன்று நீங்கிவிடுகிறது என்றும், நீங்கிய அது தவிட்டில் இருக்கிறது என்றும் அவர்கள் காட்டினர்.

கடல் கடந்து சாவகத் தீவிலும் இதே வழியில் ஆய்வு நடந்திருந்தது. 1890களில் பத்தாவியாவில் கிறிஸ்தியான் ஐக்மன், வெள்ளைச் சோறு தின்ற கோழிகள் கால் தளர்ந்து வீழ்வதையும் தீட்டாத அரிசியால் தேறுவதையும் கண்டிருந்தார். 1910இல் மணிலாவில் கூடிய வெப்பமண்டல மருத்துவ மாநாடு, தீட்டிய வெள்ளரிசியைத் தொடர்ந்து உண்பதோடு பெரிபெரிக்குத் தொடர்புண்டு என ஏற்றது. 1912இல் கசிமிர் ஃபங்க், இத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் என்னும் பெயர் தோன்ற வழிவகுத்தார். 1926இல் பத்தாவியாவிலேயே யான்சன், டோனத் ஆகிய இருவரும் தவிட்டிலிருந்து அப்பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். 1929இல் ஐக்மன் நோபெல் பரிசு பெற்றார். 1936இல் ராபர்ட் வில்லியம்ஸ் அதைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினார். அதுவே தயமின்.

புழுங்கலரிசி இதில் செய்தது என்ன? நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளைக்கருவிலும் உள்ள நீரில் கரையும் சத்துகள் அரிசியின் உள்ளே இறங்குகின்றன. மாவுப்பகுதி இறுகி அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. பின்னர் உமியும் தவிடும் நீங்கினாலும் சத்தின் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடுகிறது. ஆலை எடுத்துக்கொள்வதற்கு முன்பே நீராவி அதை உள்ளே ஒளித்துவைத்துவிடுகிறது எனலாம்.

4. தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

புழுங்கு என்னும் வினை தமிழில் மிகப் பழையது. வெயிலில் காற்றின்றி உடல் வேகும் நிலையைப் புழுக்கம் என்கிறோம், அதே வேர்தான். அவித்த உணவைப் புழுக்கு என்பது சங்க வழக்கு. வரகுச் சோற்றோடு அவரைப் புழுக்கை இட்டு உண்பதைப் பெரும்பாணாற்றுப்படை பேசுகிறது. நெல்லைப் புழுக்கி அரிசியாக்கும் தொழிலுக்கும் அச்சொல்லே அமைந்தது.

ஆயினும் ஒரு மொழியில் எல்லாச் சொல்லும் அறிவின் சான்றாக இரா. தவிடு என்னும் சொல்லை நோக்குக. சிதைந்து போனதைத் தவிடுபொடி என்கிறோம். முன்பிறந்தவை தங்காமல் இறந்த வீட்டில், பின்பிறந்த குழந்தையைக் கண்ணேறு படாமல் காக்கத் தவிட்டுக்கு விற்று வாங்குவது தமிழ்நாட்டு வழக்கம். 'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்' என்று பிள்ளைகளைக் கேலி செய்வதை நம் தோட்டத்து லயங்களிலும் கேட்டிருக்கிறோம். விலை இல்லாத பொருள் என்பதனாலேயே தவிடு அச்சடங்கில் இடம்பெற்றது. உயிரைக் காக்கும் பொருள் எதில் இருந்ததோ அதையே மலிவின் எல்லையாக வைத்திருந்தது நம் பேச்சு.

ஆதலின் நம் முன்னோர் உயிர்ச்சத்தை அறிந்திருந்தனர் என்று மார்தட்டுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. புழுக்கிய நெல்லில் உமி எளிதாகக் கழலும், அரிசி நொறுங்காது, வண்டு எளிதில் துளைக்காது, சோறு இரவு நீரில் கிடந்தாலும் குழையாது. இவையே அவர்கள் அறிந்த காரணங்கள். மலாயாத் தோட்டங்களில் அவர்கள் நெல்லைப் புழுக்கவும் இல்லை. புழுக்கிய அரிசியே கப்பலில் வந்தது. அவர்களோடு வந்தது நாவின் பழக்கம். விடியுமுன் பிரட்டுக்குச் செல்வோர் தூக்குச் சட்டியில் எடுத்துப்போன பழைய சோற்றுக்குப் புழுங்கலே ஏற்றது. காரணம் அறியாத ஒரு பழக்கம் காரணம் அறிந்த மருத்துவரை விட முன்னே நின்றது.

இன்னொன்றையும் மறைத்தல் ஆகாது. பெரிபெரியிலிருந்து தப்பிய தமிழர் மலேரியாவிலிருந்து தப்பவில்லை. கொக்கிப்புழுவும் சோகையும் அவர்களைத் தின்றன. புழுங்கலரிசி காத்தது ஒரு நோயிலிருந்து மட்டுமே. அதுவும் கப்பல் வரும்வரைதான். 1942இல் சப்பானியர் ஆட்சியில் பர்மா அரிசி நின்றது. தோட்ட மக்கள் மரவள்ளிக் கிழங்கை உண்டு நாள் கழித்தனர். சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர், காலராவோடும் மலேரியாவோடும் சேர்த்துப் பெரிபெரிக்கும் இரையாயினர். முப்பது ஆண்டுகளுக்கு முன் அறிவியல் விடை கண்ட நோயால், அவ்விடைக்குச் சான்றாக நின்ற மக்களே மாண்டனர். அறிவு நூலில் இருந்தால் போதாது; அது உண்கலத்திற்கு வரவேண்டும்.

5. தோட்டம் கலைந்த பின்

ரப்பரும் பேராக்கும் பிரிக்க முடியாதவை. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த கன்றுகளின் வழிவந்தவற்றை, பேராக்கின் பிரித்தானிய ஆளுநராண்மையராக இருந்த ஹியூ லோ கோலாகங்சாரில் நட்டு வளர்த்தார். அங்கிருந்து விரிந்த பால்மரக் காடுகளில் மூன்று தலைமுறைத் தமிழர் வாழ்ந்தனர். விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. அதை எதிர்கொள்ளவே, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஆயினும் காலப்போக்கில் ரப்பர் செம்பனையாயிற்று, செம்பனை வீட்டுமனையாயிற்று. லயத்து மக்கள் ஈப்போவின் புறநகர்களில் வந்து குடியேறினர்.

லயத்தோடு சில பொருள்களும் கலைந்தன: அம்மி, உரல், உலக்கை, முறம். பொருளோடு சொல்லும், சொல்லோடு வினையும் போயின. பணி ஓய்வுக்குப் பின் ஈப்போவில் மாணவர் சிலருக்கு வகுப்பெடுத்தபோது, உமி, தவிடு, நொய், குருணை ஆகிய நான்கையும் வேறுபடுத்திக் கூறக் கேட்டோம். ஒரு மாணவி மட்டும் உமிக்கும் தவிட்டுக்கும் வேறுபாடு சொன்னாள். அவள் பாட்டி கோழி வளர்க்கிறாராம். மற்றவர்க்கு அரிசி என்பது பையில் வெள்ளையாக வரும் பொருள்.

இது மொழி இழப்பு மட்டுமன்று. மலேசிய நலவாழ்வு அமைச்சின் 2019ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வில், நாட்டுப் பெரியவர்களுள் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு காணப்பட்டது. இந்தியரிடையே அது 31.4. இதற்கு அரிசி ஒன்றே காரணம் என்போமாயின் அது பிராடனின் நஞ்சுக் கொள்கை போன்ற அவசர முடிவாகும். மரபுக்கூறு, உழைப்புக் குறைவு, சர்க்கரை, உறக்கம், வறுமை எனக் காரணங்கள் பல. ஆயினும் நாள்முழுதும் மரத்திற்கு மரம் நடந்தவரின் உணவளவு அப்படியே இருக்க, நடையும் நாரும் தட்டிலிருந்தும் காலிலிருந்தும் நீங்கின என்பதை எவரும் மறுக்க இயலாது. இந்த வெற்றிடத்தில்தான் ஆளி விதை போன்ற புதிய விதைகள் பொட்டலத்தில் வந்து இறங்குகின்றன.

6. விதைக்குரிய வினைகள்

அரிசியில் தோலை முற்றும் நீக்கியது பிழையாயிற்று. ஆளியில் தோலை உடைக்காமல் விடுவது பிழையாகிறது. விதைக்கு விதை பக்குவம் வேறு என்பதே இரண்டும் சேர்ந்து கூறும் பாடம். ஆளி விதைக்குரிய வினைகளை வரிசையாகக் காண்போம்.

வறுத்தல்: வெறுஞ்சட்டியில் சிறுதீயில் வறுக்க வேண்டும். விதை படபடவென வெடிக்கத் தொடங்கி மணம் எழுந்ததும் இறக்கிவிடலாம். கருகவிட்டால் நற்கொழுப்புக் கெடும். விதையைப் பச்சையாக மிகுதியும் உண்பது நன்றன்று. அதில் சிறிதளவு சயனைடு சார்ந்த பொருள்கள் உண்டு. அளவோடு உண்பதும் வறுப்பதும் அக்கவலையைக் குறைக்கும்.

பொடித்தல்: முற்றும் ஆறிய பின் பொடிக்க வேண்டும். விதை முழுதாக இருக்கும்வரை அதன் தோலே எண்ணெயைக் காக்கிறது. பொடித்ததும் காற்றுப் பட்டு எண்ணெய் சிக்கு நாறத் தொடங்கும். வண்ணத்தில் உலர்ந்து இறுகும் அதே இயல்புதான் இது. எனவே ஒரு வாரத்திற்கு வேண்டியதை மட்டும் பொடித்து, மூடிய புட்டியில் இட்டுக் குளிர்பெட்டியில் வைத்தல் வேண்டும்.

கலத்தல்: நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 7 கிராம் பொடி போதும். அதில் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் சுமார் 1.6 கிராம் கிடைக்கும். ஆடவர்க்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கும் அளவும் அதுவே. நார்ச்சத்து ஏறத்தாழ 2 கிராம். தயமின் ஒரு நாள் தேவையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. இப்பொடியைக் கேழ்வரகுக் கஞ்சியிலோ மோரிலோ தயிரிலோ கலக்கலாம். சப்பாத்தி மாவில் ஒரு கைப்பிடி சேர்க்கலாம். வறுத்த உளுந்து, மிளகாய், பெருங்காயம், உப்பு ஆகியவற்றோடு இடித்தால் இட்லிக்கும் தோசைக்கும் நல்ல பொடி. கறிவேப்பிலைத் துவையலில் எள்ளுக்குப் பாதி ஆளி இடலாம்.

ஊறவைத்தல்: நீரில் ஊறிய ஆளி கொழகொழவென ஆகும். அப்பசை நீரை ஈர்ப்பதால்தான் மலச்சிக்கலுக்கு உதவுகிறது. ஆதலின் ஆளியை உண்போர் நீரை மிகுதியாகப் பருக வேண்டும். சிறிதளவில் தொடங்கி மெல்லக் கூட்ட வேண்டும்.

கேட்டல்: ஆளி விதை உணவு, மருந்துக்கு மாற்றன்று. நீரிழிவு மாத்திரையையோ ஊசியையோ இதை நம்பி நிறுத்துதல் கூடாது. குருதியை இளக்கும் மருந்து உண்போரும் கருவுற்ற மகளிரும் மருத்துவரைக் கேட்டபின்னரே இதைத் தொடங்க வேண்டும். இதிலுள்ள ஒமேகா-3, மீனில் உள்ள வகையாக உடலில் மாறுவது சிறிதளவே. ஆகவே மீன் உண்போர், ஈப்போச் சந்தையில் எளிதாகக் கிடைக்கும் கெம்போங் மீனை ஆளிக்காகக் கைவிட வேண்டியதில்லை. பையில் வெள்ளையாக வரும் அரிசிக்குப் பதிலாகப் புழுங்கலையோ தீட்டாத அரிசியையோ அளவோடு உண்பதற்கு எந்தப் புது விதையும் ஈடாகாது.

புந்தோங்கில் கச்சாங் பூத்தே செய்யும் தமிழ்க் குடும்பங்களைக் கண்டிருப்பீர்கள். கடலையை எப்போது ஊறவைப்பது, எவ்வளவு நேரம் வறுப்பது என்பதை அவர்கள் ஏட்டில் எழுதிவைத்துக் கற்கவில்லை, பேச்சில் கற்றனர். அத்தகைய பேச்சு நின்ற வீடுகளுக்கு இனி எழுத்துத்தான் துணை. ஆசிரியப் பெருமக்கள் ஒன்று செய்யலாம். வினைச்சொல் பாடம் வரும்போது ஓடினான், ஆடினான் என்பவற்றோடு நிறுத்தாமல், புழுக்கு, புடை, சலி, வறு, இடி, ஊறவை ஆகியவற்றையும் ஒரு விதையைக் கையில் தந்து கற்பிக்கலாம். மாணவர்கள் தம் பாட்டிமாரிடம் கேட்டு, ஒவ்வொரு தானியத்துக்கும் உரிய வினைகளை எழுதி வரலாம். அப்படி எழுதும் குறிப்பேடு, இன்னும் பத்தாண்டுகளில் எழுத இயலாமல் போகும் ஓர் அகராதி.

சென்ற திங்கள் தமக்கையார் இல்லத்திற்கு மீண்டும் சென்றோம். குளிர்பெட்டியில் ஒரு சிறு புட்டி இருந்தது. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு பயிலும் அவர் பேத்தி, பென்சிலால் எழுதி அதன்மேல் ஒரு தாளை ஒட்டியிருந்தாள்: 'வறு. ஆறவை. பொடி. ஒரு கரண்டி. தண்ணி நிறைய குடி ஆத்தா.' தண்ணீர் என்று எழுதியிருக்க வேண்டும். நாம் திருத்தவில்லை.